வலிக்காத விரல்

காலையில் நடக்கப் போகிற நம் கூட்டத்தில் ஒருத்தி, போன வாரம், குதிகாலில் புண் என்றாள். செருப்பு கடித்ததாம். இரண்டு வாரமாகிறதாம். "வலியே இல்லப்பா. நவராத்திரி முடியட்டும், போய்க் காட்டிக்கிறேன். வீட்ல கொலு வச்சிருக்கு, அதை விட்டுட்டு ஆஸ்பத்திரில போய் உக்கார முடியுமா?" என்றாள். நான் கத்திவிட்டேன். அம்மா மண்டபம் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. அவளை அந்த நிமிஷமே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன், வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

இந்தக் கிழவிக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். யாரும் கேட்கவில்லை, அது உங்கள் பெருந்தன்மை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை. வாக்கிங் போவதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஷூ வாங்குகிறோம், அதற்குள் இருக்கிற காலைக் குனிந்து பார்ப்பதில்லை. எனக்குப் பத்து வயதில் ஓர் ஆடி மாதம் வந்தது. அந்த மாதத்திலிருந்து வந்த கோபம் இது.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். அப்பா வெல்டர். குவைத்துக்குப் போய் ஒன்றரை வருடமாகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், அப்பாவின் அக்காவான என் அத்தை. அத்தையைத் துறையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டாள். அடுப்படியும் அவள் கையில், சாவியும் அவள் கையில். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இருவரும் ஒரே தட்டில் முறுக்கு வைத்துத் தின்றுகொண்டு சினிமாக் கதை பேசுவார்கள்.

அம்மாவின் இரண்டு காலிலும் மூன்று சுற்று வெள்ளி மெட்டி. கனமான கம்பி. சிமெண்டுத் தரையில் அவள் நடந்தால் டக் டக் என்று கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கதவைத் தட்டினால், உள்ளிருந்து முதலில் அந்தச் சத்தம் வரும், பிறகுதான் அம்மா வருவாள்.

ஆடிப் பதினெட்டு அன்று படித்துறையில் நிற்க இடமில்லை. ஆற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு போனது. படியெல்லாம் வாழைப்பழத் தோல், பூ, நனைந்த காப்பரிசி. அத்தை கரையில் எங்கள் செருப்புகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுமங்கலிகள் மஞ்சள் சரடு மாற்றுகிற இடத்துக்கு அவள் வரமாட்டாள். அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று கும்பிட்டுவிட்டு மேலே ஏறினாள். அவள் கால் வைத்த படியில் எல்லாம் ரத்தம் இருந்தது. முதலில் நான் குங்குமத் தண்ணீர் என்று நினைத்தேன்.

"அம்மா, காலு!" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். வலதுகால் இரண்டாம் விரலின் அடியில், மெட்டிக்குக் கீழே, வாய் பிளந்த மாதிரி வெட்டு. தண்ணீருக்குள் கிடந்த ஏதோ கலயத்தின் ஓடு கிழித்திருக்க வேண்டும். "எனக்கு ஒண்ணுமே தெரியலையேடி!" என்று அம்மா சிரித்தாள். "பாருங்க அண்ணி, இவ்வளவு கிழிச்சிருக்கு, சுருக்குன்னுகூட இல்லை." அத்தை கும்பிடு போட்டாள். "காவேரித்தாய் காப்பாத்திட்டா" என்றாள். அவ்வளவு பெரிய வெட்டு வலிக்காமல் இருந்தது நல்ல சகுனம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மூன்று பேரும் தேங்காய் சாதம் சாப்பிட்டோம்.

வலிக்காததுதான் முதல் கெட்ட செய்தி என்று இன்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அன்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சர்க்கரை என்பது பணக்காரக் கிழவர்களுக்கு வருகிற வியாதி என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நின்றவாக்கில் குடித்துவிட்டு, மறு சொம்பு மொள்ளுவாள். "வெயிலு" என்பாள். மழை பெய்த அன்றும் அதையேதான் சொன்னாள். குளியலறை மூலையில் கட்டெறும்பு வரிசை வரிசையாக வந்தது. அத்தை மஞ்சள்பொடி தூவித் தூவி அலுத்துப்போனாள். இத்தனையும் எங்கள் கண் முன்னால்தான் நடந்தன.

தினமும் சாயங்காலம் காலுக்கு வைத்தியம் நடக்கும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து நல்லெண்ணெயில் குழைத்து அத்தை பூசுவாள், பழைய வேட்டித் துணி கிழித்து நான் கட்டுவேன். ஒரு வாரத்தில் மேல்தோல் மூடிக்கொண்டது. "ஆறிடுச்சு" என்றாள் அத்தை. மூடியது மேலே மட்டும்தான். அடுத்த வாரம் விரல் வீங்கத் தொடங்கியது. மெட்டியின் மூன்று சுற்றும் சதைக்குள் அமுங்கின. ஒரு சுற்று முழுக்கவே மறைந்துவிட்டது. அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். நான் கதவைத் தட்டினால் உள்ளிருந்து ஒரு சத்தமும் வராது. அம்மா திடீரென்று கதவைத் திறப்பாள், எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

மெட்டியைக் கழற்றினால் போதும், ரத்தம் ஓடும் என்று அம்மாதான் முதலில் சொன்னாள். சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தாள், அசையவில்லை. கடைவீதியிலிருந்து நகை செய்கிற பத்தரை வரவழைத்தார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வெட்டித்தாம்மா எடுக்கணும். ஒரு நிமிஷ வேலை" என்று பையைத் திறந்தார். சின்ன அரம் ஒன்றை எடுத்தவர், நிமிர்ந்து, "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றார்.

"வெளிநாட்டுல."

"லெட்டர் வருதா?"

அம்மா புடவையை இழுத்துக் காலை மூடினாள். அப்பாவின் கடிதம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. சிவப்பும் நீலமும் ஓரத்தில் போட்ட அந்த உறை மாதம் தவறாமல் வரும். ஆனியில் ஒன்று வந்ததோடு சரி. நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றி வாய் திறந்து பேசுவதில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது அம்மா சட்டென்று உள்ளே போய்விடுவாள்.

பத்தர் அரத்தைப் பைக்குள் வைத்தார். "ஆளு ஊர்ல இல்லாதப்போ, சேதியும் தெரியாதப்போ, சுமங்கலி மெட்டியில நான் கை வைக்க மாட்டேம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. லெட்டர் வரட்டும், சொல்லி அனுப்புங்க, ஓடி வரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. "நாமளே ஒரு குறடை வச்சு நறுக்கிடலாம் அண்ணி" என்றாள். அத்தை அடுப்படியிலிருந்து வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"என் கால்லேருந்து கழட்டினப்போ எட்டுப் பேரு புடிச்சுக்கிட்டாங்க. விரல் வீங்கியிருந்துச்சு. வரலை. இழுத்தாங்க. தோலோட வந்துச்சு. அவரு செத்து பத்து நாள். எனக்கு அப்போதான் அவரு செத்துட்டாருன்னே தெரிஞ்சுது. அந்த வேலையை என் தம்பி உசுரோட இருக்கும்போது இந்த வீட்ல நான் பார்க்க மாட்டேன். லெட்டர் வரட்டும். அவன் நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுதட்டும், நானே வெட்டிப் போடறேன்."

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. வலித்திருந்தால் பேசியிருப்பாள். வலி இல்லை, கடிதம் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். மெட்டியை வெட்டினால் அப்பா செத்துவிடுவார் என்பதை நான் முழுசாக நம்பினேன். பத்து வயதில் அதை நம்புவது ஒன்றும் கஷ்டமில்லை.

எங்கள் சந்தின் முனையில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தாள். புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, குதிகாலில் பட்டை வைத்த கறுப்புச் செருப்பு போட்டுக்கொண்டு வேகவேகமாக நடப்பாள். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. வந்தா யாரையும் கேக்காம வெட்டிருவா" என்று அத்தை என்னை எச்சரித்திருந்தாள். அம்மாவும், "லெட்டர் வரட்டும், அப்புறம் நாமளே சொல்லலாம்" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது நர்ஸ் அக்கா என்னை நிறுத்தினாள்.

"ஏய் பாப்பா, அம்மா ஏன் நொண்டறாங்க? நேத்து கோலம் போடும்போது பார்த்தேன்."

"அம்மிக் குழவி விழுந்துடுச்சு அக்கா."

"எப்போ? வீங்கியிருக்கா? கறுப்பா எங்கேயாவது இருக்கா?"

"இல்லக்கா. வத்திக்கிட்டு வருது. நல்லா நடக்கிறாங்க."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அத்தை என் தலையைத் தடவி, டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கொடுத்தாள். பொய் சொன்னதற்குக் கிடைத்த அந்த வெல்லத்தை நான் ரொம்ப நேரம் வாயில் அடக்கிவைத்துத் தின்றேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

செவ்வாய்க்கிழமை விரலின் நுனி நாவல்பழ நிறமாயிற்று. வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. எலி செத்திருக்கும் என்று அத்தை பரணெல்லாம் தேடினாள். சாம்பிராணி போட்டாள். அம்மா தலையில் எப்போதையும்விட அதிகமாக மல்லிகை வைத்துக்கொண்டாள். இரண்டு வாடையும் கலந்து வந்தது. இன்றும் கல்யாண வீடுகளில் சாம்பிராணியும் மல்லிகையும் சேர்ந்து வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், நீங்கள் எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

புதன்கிழமை அம்மாவுக்குக் குளிர் நடுக்கம். கட்டு மாற்றும்போது கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஒரு சிவப்புக் கோடு போவதைப் பார்த்தேன். பென்சிலால் போட்ட மாதிரி மெல்லிசாக இருந்தது. அம்மாவின் கெண்டைக்காலில் ஒரு மச்சம் உண்டு. கோடு மச்சத்துக்கு நாலு விரல் கீழே நின்றது. வியாழக்கிழமை ஒரு விரல் கீழே. அதைச் சொன்னேன். "சூடு" என்றாள் அத்தை. விளக்கெண்ணெய் தடவினாள். அவள் கண்ணிலும் பயம் தெரிந்தது, ஆனால் அவள் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தேன். அம்மா பாயில் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. "அப்பா வந்துட்டாரு, கதவைத் தொற" என்றாள். வாசலில் யாருமில்லை. "செருப்புச் சத்தம் கேக்குது பாரு" என்றாள். நான் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். கோடு மச்சத்தைத் தாண்டி முழங்காலுக்குப் போய்விட்டது.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நின்று நான் நினைத்தேன், அப்பா செத்தால் சாகட்டும். அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். பிறகு சந்து முனைக்கு ஓடினேன். நர்ஸ் அக்கா காலை டூட்டி முடிந்து வந்து, திண்ணையில்லாத தன் வீட்டின் படியில் உட்கார்ந்து தபாலில் வந்த ஏதோ பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அம்மிக் குழவி இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் பத்திரிகையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். வாசற்படியிலேயே அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது. காலைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். "எத்தனை நாளா?" என்று கேட்டாள். அத்தை, "லெட்டர்..." என்று ஆரம்பித்தாள். "ரிக்‌ஷாவைக் கூப்பிடுங்க" என்றாள் நர்ஸ் அக்கா. ரிக்‌ஷாவில் மெயின் ரோட்டுக்குப் போய் அங்கே ஒரு வாடகைக் கார் பிடித்தோம். காவேரிப் பாலத்தில் போகும்போது அத்தை ஜன்னல் வழியாக ஆற்றைக் கும்பிட்டாள். அம்மா என் மடியில் தலைவைத்து யாரிடமோ பேசிக்கொண்டே வந்தாள்.

புத்தூரில் அந்த ஆஸ்பத்திரியின் மேஜையில் கிடத்தியதும், ஒரு கம்பவுண்டர் கம்பி வெட்டுகிற குறடோடு வந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வெட்டு. மெட்டி துண்டு துண்டாகத் தட்டில் விழுந்தது. அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு காலிலும் கழற்றச் சொன்னார்கள். அத்தை காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள், அதை மட்டும் துணி சுற்றி விட்டுவிட்டார்கள்.

மூத்திரத்தைச் சோதித்து, ரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை என்றார்கள். அத்தனை நாளும் காலில் உணர்ச்சி செத்துப்போய்த்தான் வலிக்கவில்லை என்றார்கள். மூன்று நாள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டாக்டர் வயதானவர், கோபப்படாமல் பேசுவார். வராந்தாவில் அத்தையிடம், "நாலு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்மா" என்றார்.

அத்தை தலையிலடித்துக்கொண்டு அழுதாள். நான் விரல் விட்டு எண்ணினேன். வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய். அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை. அத்தையை எத்தனையோ வருடம் நான் வெறுத்தேன், ஊர் முழுக்க அவளைத்தான் குறை சொன்னது, நானும் சேர்ந்து சொன்னேன். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி அத்தை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்று எனக்கு அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல இருக்கிறது. அவள் இல்லை.

அம்மாவின் காலை எடுத்த மறுநாள் கடிதம் வந்தது. கம்பெனி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது, பாலைவனத்துக்குள் முகாம், தபால் வசதி இல்லை, சௌக்கியமாக இருக்கிறேன் என்று அப்பா எழுதியிருந்தார்.

தை பிறப்பதற்கு முன்னால் அப்பா வந்துசேர்ந்தார். மெட்ராஸில் இறங்கி, ரயிலேறி, ஜங்ஷனிலிருந்து டாக்சியில் வந்தார். டாக்சிக்காரர் மேலே கட்டியிருந்த பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே வந்துவிட்டார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புடவை மடித்துக் கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கையில் ஏதோ குறைவதுபோல எனக்குத் தோன்றியது.

"அப்பா, உங்க மோதிரம் எங்கே?"

அம்மாவும் பார்த்தாள். கல்யாணத்தில் அம்மா வீட்டில் போட்ட மோதிரம் அது. அத்தை காபி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"அதுவா? போன வருஷமே போச்சு. ஒரு தகடு விரல்ல விழுந்து வீங்கிடுச்சு. கூட இருந்த மலையாளத்தான் கட்டரை எடுத்து நறுக்கிட்டான், ரெண்டு நிமிஷம் ஆகலை."

"உங்களுக்கு மனசுக்கு ஒண்ணும் தோணலையா?" என்றாள் அம்மா. மெல்லத்தான் கேட்டாள்.

"என்ன தோணும்? வலி உசுரு போகுது. வெட்டுடான்னு கத்தினேன். விரல் இருந்தா மோதிரம் வாங்கிக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. வெளியே டாக்சிக்காரர் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. அம்மா இடது காலை முன்னால் நீட்டினாள். நர்ஸ் அக்கா எத்தனையோ முறை சொல்லியும், அவர் வரட்டும், அவர் வரட்டும் என்று விட்டுவைத்திருந்த மெட்டி அதில் இருந்தது.

"இதைக் கழட்டிடுங்க அண்ணி."

"நான் கழட்டறேன்" என்றார் அப்பா.

"நீங்க வேணாம். அண்ணி கழட்டட்டும்."

அத்தை டம்ளரைத் தரையில் வைத்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். தம்பியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவர் இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல. பிறகு மெட்டியைத் திருகினாள். இரண்டு மூன்று திருகலில் கழன்று வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. விரலின் அடிப்பக்கம், கடுகு அளவுக்கு ஒரு பள்ளம். அத்தை சேலைத் தலைப்பால் அதை ஒற்றினாள். தலைப்பில் மஞ்சளாக ஒட்டியது.

"வலிக்கவே இல்லையே அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை எழுந்தாள். அவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டதில்லை.

"தம்பி, அந்த டாக்சியைப் போக விடாதே, ஓடு!"

இறக்கிய பெட்டிகளை வாசலிலேயே போட்டுவிட்டு, பயணத்தில் போட்டிருந்த சட்டையோடு அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு காரில் ஏற்றினார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கால் அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது.